இன்னொருத்தியின் இதயம்

போன் அலறியது!

மலேசியாவின் ஷா ஆலம் நகரில், அலுவலக வாசலில் மோட்டார் சைக்கிளை எடுக்கப் போன மலர், காதில் வைத்தாள்.

"மிஸ் மலர்? ஹார்ட் கிளினிக், டாக்டர் ஃபஹீமா. உங்க ஸ்கேன் சரியில்ல. ஹார்ட் பம்ப் பண்ற சக்தி கொறஞ்சிருக்கு. ஓடாதீங்க, எதையும் தூக்காதீங்க. ஒடனே வாங்க!"

மலருக்கு வியர்த்துக் கொட்டியது.

ஏனென்றால்... அந்த இதயம் அவளுடையது இல்லை!

ஐந்து வயதில் மலருக்கு ரத்தப் புற்றுநோய். அன்று ஏற்றிய சிவப்பு கீமோ மருந்து, இருபது வருஷம் கழித்தும் இதயத்தைப் பதம் பார்க்கலாம். இப்போது விமானப் பணிப்பெண் வேலைக்கு, இதயம் நலம் என்று சர்டிபிகேட் கேட்டார்கள். பயந்துபோனவள், தன் அடையாள அட்டையைக் கொடுத்து, தனக்குப் பதிலாகத் தோழி உஷாராணியை ஸ்கேனுக்கு அனுப்பிவிட்டாள். ஸ்கேன் எடுப்பவர்கள் மார்பில் மருந்து ஏற்றிய தழும்பைத் தேடுவார்களே! அது இருந்த ஒரே தோழி, அன்று அதே புற்றுநோய் வார்டில் கிடந்த உஷாராணி.

அதே தழும்பு என்றால் அதே மருந்து, அதே ஆபத்து. இந்த மகா புத்திசாலிக்கு அது உறைக்கவில்லை!

உஷாராணி இப்போது பக்கத்து ஊர் கிள்ளானில், ஃபுட்சால் கால்பந்து ஃபைனலில்...

போன் அடித்தாள். எடுக்கவில்லை.

மறுபடி. ம்ஹூம்!

லோரிகளுக்கு நடுவே மோட்டார் பறந்தது. 'பாவி, அவள கொன்னுட்டேனே' என்று ஹெல்மெட்டுக்குள் அழுதாள்.

மைதானத்தில் உஷாராணி பந்தோடு ஓடிக்கொண்டிருந்தாள்!

"உஷா! நில்லுடி!"

"இன்னும் ஒரு கோல்தான் லா! கப்பு நமக்கு!"

மலர் கோட்டைத் தாண்டிப் பாய்ந்து அவளைக் கட்டிப்பிடித்தாள்.

"பைத்தியமா நீ?"

"ஒன் ஹார்ட் வீக்காம்டி! அந்த ஸ்கேன்ல தெரிஞ்சிருச்சு!"

உஷாராணி சிரிக்கப் பார்த்தாள். முடியவில்லை.

"மாடி ஏறினா மூச்சு வாங்குச்சு... வெயில்னு நெனச்சேன்."

கிளினிக்கில் மலர் எல்லா உண்மையையும் கக்கினாள்.

"இது போலீஸ் கேஸ், தெரியுமா?" டாக்டர் ஃபஹீமா சீறினார்.

"தெரியும் டாக்டர். வேலை போனா போகட்டும். இவள காப்பாத்துங்க!"

"ஆரம்பத்துலயே கண்டுபிடிச்சாச்சு. மாத்திரைல சமாளிக்கலாம்." டாக்டர் மலர் பக்கம் திரும்பினார். "இப்ப நீ படு!"

இருபது நிமிடம். டாக்டர் ஸ்கேன் திரையையே பார்த்தார்.

"சொல்லுங்க டாக்டர்!"

"ஒனக்கு ஒரு கோளாறும் இல்ல. நீயே வந்திருந்தா அன்னிக்கே சர்டிபிகேட் கொடுத்திருப்பேன்!"

மலர் வாயைப் பிளந்தாள்.

நாற்காலியில் இருந்த உஷாராணி தலையில் அடித்துக்கொண்டாள்.

"ஏன்டி, ஆள் மாறாட்டம் பண்றவ, ஆளையாவது செக் பண்ணி அனுப்ப மாட்டியா?"