தூணெழுத்து

“ரெண்டு சொல்லு போட்டா அங்க வரைக்கும் போய்ச் சேராது. ஒத்தச் சொல்லுன்னா சேரும்.”

“எனக்கு ரெண்டும் வேணும்ணே.”

“நீ கேக்கலாம். சுவரு கேக்கணும்லா?”

பிலோமினா திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தூத்துக்குடித் துறைமுகச் சுவரின் அடிவாரத்தில் ஓர் அறை. அதில் அவளும் இசக்கிராஜனும் இருபது வருடங்களாக ஊராருடைய எழுத்துகளை ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தார்கள். இன்றைக்கு அவளுடைய முறை. விண்ணப்பச் சீட்டில் அவள் பெயரே இருந்தது.

ஊரில் மற்ற எழுத்தெல்லாம் தணியெழுத்து. கடைப் பலகை, பேருந்து எண், மருந்துச் சீட்டு எதுவானாலும் ஒரே பருமனில், சாம்பல் நிறத்தில், கண்ணைத் தொந்தரவு செய்யாமல் கிடக்கும். விளம்பரங்கள் மனிதர்களைத் தூங்கவிடாமல் கத்திய காலம் முடிந்து கவனச் சட்டம் வந்ததிலிருந்து அப்படித்தான். சட்டம் ஒரே ஒரு சலுகை வைத்திருந்தது. ஒவ்வொருவருக்கும் ஆயுளில் ஒரு முறை, விடியலிலிருந்து அந்தி வரை, சுவரில் ஒரு வரி. அந்த வரி மட்டும் தூணெழுத்தில் வரும்.

நிற்கும் கோடுகள் கோயில் தூணைப்போலத் தடித்திருக்கும். படுக்கும் கோடுகள் மயிரிழையாய் மெலிந்து ஓடும். ஒவ்வொரு முனையிலும் தரையில் ஊன்றிய மாதிரி ஒரு சின்னப் பாதம். சுவரை மூடிய வெள்ளை மின்தகட்டில் அந்தக் கறுப்பு ஏறும்போது, சாம்பலுக்குப் பழகிய கண்கள் சட்டென்று நின்றுவிடும். கல்யாணம், பிள்ளைப்பேறு, மன்னிப்பு என்று ஆளுக்கொரு காரணத்துக்கு அதைச் செலவழிப்பார்கள். அந்த எழுத்தைச் சட்டம் தேர்ந்தெடுத்ததற்கும் ஒரு காரணம் உண்டு. பக்கத்தில் நிற்பவனிடம் அது முழங்கும். தள்ளிப் போகப் போக மயிரிழைகள் கரைந்து, தூண்கள் மட்டும் மிஞ்சும். அடுத்த ஊரின் அமைதி கெடாது.

பிலோமினாவின் கணவன் கஸ்பார் இருந்ததோ ஏழு கிலோமீட்டர் தள்ளி, கடலில் நின்ற மிதவூரில். அங்கே அலைபேசி கிடையாது, கடிதம் வாங்கமாட்டார்கள், வெளிப்படகு அண்டக்கூடாது. சத்தம் பொறுக்காதவர்கள் தேடிப்போகும் இடம். இஷ்டமிருந்தால் யாரும் திரும்பி வரலாம். கஸ்பார் ஒன்பது வருடமாக வரவில்லை. அவன் கண்ணுக்கு எட்டக்கூடியது இந்தச் சுவர் ஒன்றுதான். ஒரே சொல்லைச் சுவர் முழுக்க நிரப்பினால் மயிரிழையும் இரண்டு மீட்டர் தடிக்கும், அங்கிருந்து படிக்கலாம். இரண்டு சொல் போட்டால் பாதி வழியிலேயே கரைந்துவிடும். அவள் கேட்ட இரண்டில் ஒன்று மகளின் பெயர், மற்றது ‘வாங்க’.

“‘வாங்க’ன்னு போடு,” என்றான் இசக்கிராஜன். “பிள்ளை பேரப் போட்டா மனுசன் நொந்துபோவாரு.”

அவள் ‘வாங்க’ என்று ஏற்றிப் பார்த்தாள். திரையில் அந்தத் தூண்கள் வரிசையாக எழுந்து நின்றபோது, அது அழைப்பாகத் தெரியவில்லை. உத்தரவு மாதிரி இருந்தது.

கஸ்பார் தன் வரியை அவளுக்காகத்தான் செலவழித்தான். சீட்டை இந்த அறையின் ஜன்னலில் நீட்டியபோது அவளுக்கு அவனைத் தெரியாது. ‘பிலோமினா, என்னைக் கட்டிக்கொள்வாயா?’

“எந்தப் பிலோமினா? ஊர்ல நாப்பது பேரு இருக்காவ,” என்று கேட்டாள்.

“ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருக்கவ,” என்றான் அவன்.

தன்னை அழைத்த எழுத்தைத் தானே அடுக்கினாள். ஊரே சிரித்தது.

மகள் லீமா பிறந்து பதினோராம் நாள் இறந்தாள். அன்றைக்குத்தான் கஸ்பார் கேட்டான். “எங்கிட்ட வரி இல்ல. உன் வரியக் குடு, பிலோமி. ஒரு நாளாவது நம்ம புள்ள பேரு ஊருக்குத் தெரியட்டும்.” சுவரில் வேலை செய்பவர்கள் தங்கள் வரியைத் தொடமாட்டார்கள். அவசரப்பட்டுச் செலவழித்துவிட்டு ஜன்னலில் வந்து அழுதவர்களைப் பார்த்துப் பார்த்து வந்த வழக்கம் அது. “வச்சிருப்போம். இன்னொரு புள்ள பொறக்கும், அப்பப் போட்டுக்கிடலாம்,” என்று அவள் சொன்னாள். ஒரு மாதம் கழித்து அவன் மிதவூர்ப் படகில் ஏறினான்.

“‘வாங்க’ங்கறது நான் கேக்கறது,” என்றாள் இப்போது. “அவுக கேட்டது வேற.”

சொல்லை அழித்துவிட்டு மகளின் பெயரை ஏற்றினாள்.

விடிந்ததும் சுவர் முழுக்க லீமா நின்றாள். ‘லீ’யின் மேற்சுழியின் கறுப்பு வளைவில் புறாக்கள் உட்கார இடம் தேடின. சாலையில் மிதிவண்டிகள் நின்றன. மீன் வாங்கப் போனவர்கள் அண்ணாந்து பார்த்தார்கள். பத்து மணிக்குள் பிலோமினாவின் கைத்திரையில் செய்திகள் குவிந்தன. எல்லாம் சாம்பல் தணியெழுத்தில்: ‘பிள்ளைக்கு வாழ்த்துகள்.’ ‘அழகான பேரு, அம்மாவும் சுகந்தானே?’ ஒருத்தி தொட்டில் வேண்டுமா என்று கேட்டிருந்தாள். பிலோமினா எல்லோருக்கும் நன்றி என்று எழுதினாள். தொட்டில்காரிக்கு மட்டும் என்ன எழுதுவதென்று தெரியாமல் கைத்திரையைக் கவிழ்த்து வைத்தாள். மத்தியானச் சோறு பெட்டியிலேயே ஆறிப்போயிற்று.

மேல்மாடத்தில் ஒரு தொலைநோக்கி உண்டு. சோதனைப் படகிலிருந்து கொடியசைத்து, மயிரிழை எங்கே கரைகிறது என்று காட்டுவார்கள்; அதைப் பார்க்க வைத்தது. வெயில் சாயும்போது இருவரும் ஏறினார்கள். இசக்கிராஜன் அதை மிதவூர்ப் பக்கம் திருப்பி, மேல்தளத்துக்குக் குறிவைத்து, விலகி நின்றான்.

“பாரு.”

அவள் இரண்டடி வந்தாள். கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். கீழே, அந்தியின் முதல் மணிக்கு, மயிரிழைகள் மங்கத் தொடங்கியிருந்தன. லீமாவின் தூண்கள் மட்டும் இன்னும் நின்றன.

“என்னால முடியாதுண்ணே. நீங்க பாருங்க. அங்க யாராச்சும் நிக்காவளான்னு மட்டும் பாத்துச் சொல்லுங்க.”