பணிமனைக்கு வராத கார்

குசுமாவதி மேஜைமேல் வைத்த பிளாஸ்டிக் உறைக்குள் ஒரு தாளும் ஒரு புகைப்படமும் இருந்தன. உட்காரச் சொல்லியும் அவள் உட்காரவில்லை.

"எங்க வீட்டுக்காரர் குடிக்கல. போன் பேசல. பிரேக் புடிக்கல, அவ்ளோதான். ஆனா ஷோரூம்காரங்க, பிரேக்க மாத்திக் குடுத்துட்டோம்னு பேப்பர் காட்றாங்க. கீழ அவர் கையெழுத்தும் இருக்குது. நாங்க வண்டிய அங்க எடுத்துக்கினு போவவே இல்லைங்க."

செங்கம் சாலையில் ஒரு பேக்கரிக்கு மேலே இருந்த அறை அது. அங்கே இருந்த வேடியப்பன், மோட்டார் வாகன ஆய்வாளராக முப்பது வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். விபத்தில் சிக்கிய வண்டிகளைப் பார்த்துச் சொல்ல வக்கீல்கள் அவரைத் தேடி வருவார்கள். அப்படி வந்தவள்தான் கீதாஞ்சலி. இப்போதெல்லாம் அவளுக்குக் கோர்ட்டில் வேலை இல்லையென்றால் இங்கேதான் இருப்பாள்.

விஷயம் இதுதான். குசுமாவதியின் கணவர் ஜினேந்திரன் வந்தவாசிப் பக்கத்து விவசாயி. மே மாதம், ஏழு வருடத் தவணையில், அந்த ஷோரூமிலேயே விலை குறைந்த காரை வாங்கினார். நவம்பரில் அடி அண்ணாமலை அருகே அந்தக் கார் சாலையோர இளநீர்க் கடையில் மோதியது. கடைக்காரி வெள்ளையம்மாளின் வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டியதாயிற்று. கவனக்குறைவாக ஓட்டியதாக ஜினேந்திரன்மேல் வழக்கு.

"தினம் ஆஸ்பத்திரிக்குப் போறாரு. அந்தம்மா வார்டு வாசல்ல நிக்கறாரு. உள்ள போவ மாட்டேங்கறாரு" என்றாள் குசுமாவதி. அவள் குரலில் அழுகை இல்லை, கோபம்தான் இருந்தது.

கீதாஞ்சலி தாளை எடுத்துப் படித்தாள். பணிமனையில் ஒவ்வொரு வண்டிக்கும் எழுதும் ஜாப் கார்டு அது. "செப்டம்பர் பதினெட்டு. வண்டி ஓடிய தூரம் 5,140 கிலோமீட்டர். நிறம், காப்பர் சன்செட். செய்த வேலை, பிரேக் வேக்குவம் குழாய் மாற்றம், கம்பெனி ரீகால். மெக்கானிக், எழில்." பிறகு புகைப்படத்தைப் பார்த்தாள். மோதிய சிறிது நேரத்தில் போலீஸ் எடுத்தது. உடைந்த கண்ணாடித் துண்டுகளுக்கு நடுவே மீட்டர் இன்னும் எரிந்துகொண்டிருந்தது: 4,306.

"ரீகால்னா?" என்று கேட்டாள் குசுமாவதி.

"பிப்ரவரிலேர்ந்து ஏப்ரல் வரைக்கும் செஞ்ச வண்டிங்கள்ல ஒரு குழாய் சரியில்லன்னு கம்பெனியே கண்டுபுடிச்சிருக்கும்மா" என்றார் வேடியப்பன். "ஓனருங்கள கூப்ட்டு இலவசமா மாத்திக் குடுக்கணும். அந்தக் குழாய் வெடிச்சா பிரேக் பெடல் கல்லு மாதிரி ஆயிடும்."

"எங்கள யாரும் கூப்டலைங்க."

அன்று மாலையே வேடியப்பனும் கீதாஞ்சலியும் போலீஸ் நிலையத்துக்குப் பின்னால் நின்ற காரைப் பார்த்தார்கள். பானட்டின் முன்பாதி மடங்கிக் கிடந்தது. வேடியப்பன் கைவிளக்கை உள்ளே நீட்டினார். குழாய் முழுக்கக் கறுப்பாக, நடுவில் விரலளவு கிழிந்திருந்தது.

"புதுசா வந்த குழாய்ல பச்சை வளையம் போட்டிருப்பாங்க. இதுல இல்ல. இது பழசு."

"அப்ப எழில்தான் மாத்தாம ஏமாத்தியிருக்கான்" என்றாள் கீதாஞ்சலி. "ஷோரூம்ல அப்படித்தான் சொல்றாங்க, சார். அவன வேலைய விட்டே எடுத்துட்டாங்க."

"இருக்கலாம். அவசரப்பட வேணாம்."

மறுநாள் காலை ஆஸ்பத்திரியில் வெள்ளையம்மாள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். கேள்வி கேட்டதும் திரும்பினாள்.

"அந்த ஆளு ஹாரன் அடிச்சிக்கினே வந்தான். சீட்டுலேர்ந்து எழுந்து நின்னுக்கினு மிதிச்சான்யா. என் மேல ஏத்தணும்னு வரல. அவன் வாசல்ல நிக்கறது எனக்குத் தெரியும். நிக்கட்டும். ஆனா எங்காலு போனதுக்கு அவன் மட்டுமா காரணம்? அத கண்டுபுடிச்சி சொல்லு."

அங்கிருந்து ஷோரூமுக்குப் போனார்கள். விற்பனை மேலாளர் பாலாஜி கைகூப்பி வரவேற்றார். வாசலருகே புத்தம் புதிய கார் ஒன்று மாலையோடு நின்றது.

"இந்தச் செம்மண் கலர் நல்லாருக்கே" என்றார் வேடியப்பன்.

"காப்பர் சன்செட், சார்" என்று திருத்தினார் பாலாஜி. "தீபாவளிக்கு எல்லாம் போயிடுச்சு. இது ஒண்ணுதான் மிச்சம்."

வேடியப்பன் பானட்டைத் திறக்கச் சொன்னார். குழாயில் பச்சை வளையம் இருந்தது. ஓரத்தில் ஒட்டிய தகட்டில், வண்டி செய்த மாதம் மார்ச் என்றிருந்தது. அவர் பானட்டை மூடினார்.

பாலாஜி தானாகவே விபத்துப் பேச்சை எடுத்தார். "அந்தக் கேஸ்ல வந்திருக்கீங்கன்னு தெரியும் சார். பாவம்தான். ஆனா இந்த மாதிரி கஸ்டமருங்க வண்டி வாங்கறதே பெரிய விஷயம். அப்பறம் சர்வீஸ் பக்கமே தலை வெச்சிப் படுக்க மாட்டாங்க."

"ரீகாலுக்கு மட்டும் வந்தாரா?"

பாலாஜி காரின் மாலையைச் சரிசெய்தார். "ஆமா. வந்தாரு."

கீதாஞ்சலி கோர்ட்டில் மனுப் போட்டு, பணிமனையின் ஜாப் கார்டுகள் முழுவதையும் வாங்க ஒரு வாரம் ஆனது. ஒரு முழுநாள் வேடியப்பன் அவற்றைப் புரட்டினார். மறுநாள் சப்-இன்ஸ்பெக்டர் பூஜாவின் முன்னிலையில் எல்லோரையும் ஷோரூம் அறையில் உட்கார வைத்தார். பாலாஜி, பணிமனைப் பொறுப்பாளர் சுரேஷ்குமார், வேலை இழந்த எழில், குசுமாவதி. ஜினேந்திரன் வரவில்லை, அவர் ஆஸ்பத்திரியில் நின்றுகொண்டிருந்தார்.

"முதல்ல எழில் விஷயம்" என்று தொடங்கினார் வேடியப்பன். "செப்டம்பர்ல வண்டி 5,140 கிலோமீட்டர் ஓடியிருந்துதுன்னு கார்டு சொல்லுது. நவம்பர்ல, மோதின அன்னிக்கு, மீட்டர்ல 4,306தான் இருந்துது. மீட்டர் பின்னால ஓடாது. யாரோ வண்டியப் பாக்காமலே, மாசத்துக்கு ஆயிரத்துக்கு மேல ஓடியிருக்கும்னு கணக்குப் போட்டு எழுதியிருக்காங்க. அந்தக் கார் இங்க வரவே இல்ல. வராத வண்டியில எழில் எப்படி வேலைய ஏமாத்துவான்?"

எழில் தலை குனிந்தபடி, "நான் ஆரம்பத்துலேர்ந்து அதத்தான் சொல்றேன்" என்றான்.

"அப்ப கார்ட எழுதினது யாரு? பெரிய பெரிய எழுத்தா அச்சு மாதிரி எழுதியிருக்கு. கையெழுத்த வெச்சிச் சொல்ல முடியாது. ஆனா ஒரு வார்த்த மாட்டிக்கிச்சு. இந்தக் கலர் வண்டிங்களுக்குப் பணிமனைல மொத்தம் நாப்பத்தோரு கார்டு இருக்குது. முப்பத்தாறுல 'பிரவுன்'னு எழுதியிருக்கு. சுரேஷ்குமார், நீங்க என்ன எழுதுவீங்க?"

"பிரவுன்தான் சார். இங்க எல்லாரும் அப்படித்தான் சொல்லுவோம்."

"மிச்ச அஞ்சுல மட்டும் 'காப்பர் சன்செட்'. அஞ்சும் ரீகால் கார்டு. அந்தப் பேரு விக்கறவங்க வாயில வர்ற பேரு. நான் செம்மண்னு சொன்னதுக்கே பொறுக்காம திருத்தினவர் இங்க இருக்காரு. ஜினேந்திரன் கையெழுத்தும், வண்டி எடுத்தப்ப போட்ட டெலிவரி பாரத்துலேர்ந்து அப்படியே எடுத்தது. ரெண்டையும் ஒண்ணுமேல ஒண்ணு வெச்சி வெளிச்சத்துல பாத்தேன். ஒரு கோடு விலகல. ஒரு மனுஷன் ரெண்டு தடவ அப்படிப் போட முடியாது. அந்தப் பாரம் யார் பீரோல இருக்குது?"

சுரேஷ்குமார் பாலாஜியின் பக்கம் திரும்பினார்.

"ஏன் செய்யணும்?" என்று கேட்டார் பூஜா.

"கம்பெனி அனுப்பினது பத்தொம்போது குழாய். பத்தொம்போது ஓனர் வண்டிக்கு மாத்தினதா கார்டு இருக்குது. ஆனா குழாய் எங்க போச்சு? வாசல்ல நிக்கற காரு மார்ச்ல செஞ்சது. விக்காம தேங்கின சரக்கு. குழாய் மாத்தாம அத விக்கக் கூடாது. அதுல பச்சை வளையம் இருக்குது. ஏற்கெனவே வித்துப் பணம் வந்த வண்டிங்களுக்கு வந்த குழாய, இனிமே விக்க வேண்டிய வண்டிங்களுக்கு மாட்டிட்டாரு. சர்வீஸுக்கு வராத ஓனருங்களாப் பாத்துப் பொறுக்கி, மாத்தியாச்சுன்னு எழுதிட்டாரு."

"நான் குழாய் இருக்கான்னு கேட்டப்ப, அடுத்த லோடு வந்ததும் போட்டுக்கலாம்னு சொன்னாரு" என்றார் சுரேஷ்குமார் மெதுவாக. "நானும் விட்டுட்டேன்."

பாலாஜி முகத்தைத் துடைத்துக்கொண்டார். "தீபாவளி டார்கெட் சார். ரெண்டு மாசத்துல மாத்திடலாம்னுதான்..."

கீதாஞ்சலி எழுந்துவிட்டாள். "ஒரு பொம்பளைக்குக் கால் போயிருக்கு. ஒரு மனுஷன் தான்தான் குத்தவாளின்னு நெனச்சி வாசல்ல நிக்கறாரு. உனக்கு டார்கெட்டா?"

"உக்காரும்மா" என்றார் வேடியப்பன். "திட்டறதுக்கு நேரம் இருக்குது. இன்னும் பதினெட்டு வண்டி இந்தப் பழைய குழாயோட ரோட்ல ஓடுது. பாலாஜி, ஸ்பீக்கர்ல போடுங்க. ஒவ்வொருத்தருக்கும் நீங்களே சொல்லணும். மாத்தல, மாத்தினதா பொய் எழுதினேன்னு சொல்லணும்."

முதல் இருவரும் வீட்டில் இருந்தார்கள். ஒருவர் கெட்ட வார்த்தையில் திட்டிவிட்டு வைத்தார். மூன்றாவது போளூர்க்காரர், ராமகிருஷ்ணன். பாலாஜி சொல்லி முடித்ததும் அவர் பதறினார்.

"வண்டி வீட்ல இல்லியே. எம்பொண்ணு ஜமுனாமரத்தூர் போயிருக்கா. இப்ப மலையிலேர்ந்து எறங்கிக்கினு இருப்பா. கூட ரெண்டு கொழந்தைங்க."

அந்தப் பெண்ணின் எண்ணுக்கு மூன்று முறை போட்டும் மணி அடித்து ஓய்ந்தது. பூஜா வெளியே ஓடி, மலையடிவாரச் சோதனைச் சாவடிக்குத் தகவல் சொன்னார். குசுமாவதி பாலாஜியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பதினைந்து நிமிடம் கழித்து அந்தப் பெண்ணே திரும்பக் கூப்பிட்டாள்.

"வண்டி ஓரமா நிக்குதுங்க. குரங்கு பாக்கணும்னு பசங்க எறங்கிச்சிங்க. என்ன விஷயம்?"

வேடியப்பன் போனை வாங்கி, வண்டியைத் தொடவே வேண்டாம், போலீஸ் வரும் என்று நிதானமாகச் சொல்லி வைத்தார். பிறகு நாற்காலியில் சாய்ந்து கண்களை மூடிக்கொண்டார்.

பாலாஜி பெருமூச்சு விட்டார். எல்லாம் முடிந்துவிட்டதுபோலப் போனை மேஜைமேல் வைத்துத் தண்ணீர் பாட்டிலைத் தேடினார்.

குசுமாவதி அந்தப் போனை எடுத்து அவர் கையிலேயே திணித்தாள்.

"இன்னும் பதினஞ்சு பேரு இருக்காங்க. போடு."