யாருக்கோ தாழ்ந்த வெளிச்சம்

பல் டாக்டர் தன் புதுக் காரை எங்கள் ஒர்க்‌ஷாப் வாசலை அடைத்துக்கொண்டு நிறுத்தினார். எப்போதும் அப்படித்தான். இறங்கும்போதே புகார்.

"ஏம்ப்பா, வாய்க்கால் வளைவுல லைட்டு தானா இறங்குது. எதிர்ல ஒரு ஈ காக்கா இல்ல."

இருபத்திரண்டு வருடமாக கார் ஒயரிங் பார்க்கிறவன் நான். இந்தத் தானியங்கி ஹை பீம் மேல் எனக்கு மரியாதையே கிடையாது. முன்கண்ணாடிக்குப் பின்னால் ஒரு கேமரா. எதிரே விளக்கு தெரிந்தால் வெளிச்சத்தைத் தாழ்த்தும். எதிரே வந்தது கடந்து போனதும் உயர்த்தும். விளக்கில்லாத சைக்கிளோ, நடந்து வருகிற மனிதனோ அதன் கண்ணில் படுவதே இல்லை.

முதல் சர்வீசிலேயே சொன்னேன்: "ஆள் வந்தா நீங்கதான் கையால டிம் பண்ணணும் சார்."

"அப்புறம் அது எதுக்கு?" என்று சிரித்தார். ஊரார் வாயைப் பிளக்கவைத்து முகத்தில் விளக்கடித்தே பழகியவர். எதிரில் வருகிறவன் கண் கூசினால் அவருக்கென்ன?

அன்று இரவு ஏழு மணிக்கு அவர் ஓட்ட, நான் பக்கத்தில் உட்கார்ந்து போனேன். வழியெல்லாம் மனிதர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஓரம் கட்டினார்கள். அவர் கவனிக்கவே இல்லை.

வாய்க்கால் வளைவில் தெருவிளக்கு கிடையாது. வெள்ளை வெளிச்சம் புதர்களை வெளுத்துக் காட்டியது.

சட்டென்று தாழ்ந்தது.

சாலை காலி.

நானே எட்டி, தானியங்கியை அணைத்துவிட்டு ஹை பீம் போட்டேன். மறுபடி தாழ்ந்தது.

"நிறுத்துங்க சார்."

எஞ்சின் அடங்கியது. கண்ணாடிகள் மூடியிருந்தும் உள்ளே அழுகிய சேற்று வாடை. தூரத்தில் எண்ணெய் காணாத சைக்கிள் செயின் கிறீச்சிட்டது. சத்தம் நிதானமாக நெருங்கியது.

யாருமில்லை. சத்தம் மட்டும் வந்தது.

டாக்டர் பக்கத்துக் கதவருகே வந்து நின்றது.

வெளிச்சம் உயர்ந்தது.

அவர் தலையைத் திருப்பவில்லை. "மூணு வாரம் முன்னாடி..." என்று முணுமுணுத்தார். "ஒருத்தன் சைக்கிள்ல வந்தான். கண்ணு மேல கையை வச்சான். அப்புறம் காணோம்."

"காணோம்னா?"

"வாய்க்கால்ல சத்தம் கேட்டுது."

"நிறுத்தலையா?"

"கிளினிக்ல ஆளுங்க காத்திருந்தாங்க. அவனே ஏறி வந்திருப்பான்னு நினைச்சேன்." ஹெட்லைட்டைக் கை காட்டினார். "லைட்டு தானா இறங்கும்னு சொல்லித்தானேப்பா வித்தாங்க?"

எனக்குப் பயம் இருந்தது நிஜம். ஆனால் பயத்தைவிட அருவருப்புதான் அதிகம். ஒருவன் தண்ணீருக்குள் கிடக்கிறான், இவர் வண்டி விற்றவனைக் குறை சொல்கிறார்.

"நேரா ஸ்டேஷனுக்கு விடுய்யா," என்றேன். அதுவரை அவரை நான் அப்படிப் பேசியதில்லை. வாயைத் திறக்காமல் ஓட்டினார்.

ஸ்டேஷனில் நாற்காலி கிடைத்ததும் வாய் வந்துவிட்டது. "சைக்கிள்ல வர்றவங்க லைட் போட வேண்டாமா?" என்று இன்ஸ்பெக்டரிடமே கேட்டார். காரைக் காம்பவுண்டுக்குள் வெளிவாசலைப் பார்த்து நிறுத்தச் சொல்லிவிட்டு, அவரை உள்ளே உட்காரவைத்தார்கள்.

விடிந்ததும் பாசிக்கு அடியிலிருந்து சைக்கிளை எடுத்தார்கள். பிறகு அவனை. ரொட்டிக்கடை அடுப்பில் வேலை பார்த்தவன். ஆளைக் காணவில்லை என்று அவன் மனைவி நடையாய் நடந்ததும் இதே ஸ்டேஷனுக்குத்தான். வாய்க்காலை எட்டிப் பார்க்க ஒருவருக்கும் நேரமில்லை.

அவள் என்னிடம் ஒன்றுதான் கேட்டாள். "கத்தினாராமாண்ணே?"

எனக்குத் தெரியாது என்றேன்.

அன்று இருட்டும் நேரத்தில் ஸ்டேஷனிலிருந்து ஒரு கான்ஸ்டபிள் போன் செய்தார்.

"அண்ணே, டாக்டர் வண்டி லைட்டை எப்படி அணைக்கறது? ஹை பீம்ல எரியுது."

"பேட்டரி ஒயரைக் கழட்டுங்க."

"அது நேத்தே கழட்டியாச்சு."

கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தேன்.

"அண்ணே..." அவர் குரல் இறங்கியது. "இப்ப டிம் ஆயிடுச்சு."

"வாசல்ல யாராவது வர்றாங்களா?"

"யாருமில்ல."

"டாக்டர் எங்க?"

"வண்டிக்குப் பின்னாடி, லாக்கப்ல."

போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"அண்ணே, லைட்டு மறுபடி ஏறிடுச்சு."