காலியாக இருந்த முன்சீட்டு

எஸ்தரும் தம்பி ஜோசுவாவும் முசரவாக்கத்தில் தேவகியம்மாள் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது வெயில் மேற்கே சாயத் தொடங்கியிருந்தது. காஞ்சிபுரத்தில் அவர்கள் நடத்தும் ஸ்டூடியோவுக்கு ஒரு பெண்கள் கல்லூரியிலிருந்து வேலை வந்திருந்தது. அந்தக் காலத்திலேயே விமானம் ஓட்டிய சம்பூர்ணத்தின் பத்திரிகைப் படத்தைப் பெரிதாக்கிக் கொடுக்க வேண்டும். படத்தை எடுத்தவர் தேவகியம்மாளின் மாமனார் நமச்சிவாயம்.

தேவகியம்மாள் அதைத் துணியில் சுற்றியே கொடுத்தார்.

"இத்த எப்பவும் சுவத்தப் பாத்தாப்லதான் திருப்பி வெச்சிருந்தோம்மா. இதுக்கப்புறம் எங்க மாமனாரு கேமராவையே தொடல. குடை இல்லாம வெளிய போவ மாட்டாரு. பொழுது சாஞ்சாலும் குடைதான். மானத்த நிமிந்து பாக்கவே மாட்டாரு."

"மழைன்னா அவ்ளோ பயமா அவருக்கு?" என்று ஜோசுவா சிரித்தான்.

தேவகியம்மாள் சிரிக்கவில்லை.

ஸ்டூடியோவில் துணியைப் பிரித்ததும் விளக்கெண்ணெய் வாடை குப்பென்று அடித்தது. அந்தக் கால விமான எஞ்சின்களுக்கு ஊற்றுவது போல, கருகிய விளக்கெண்ணெய். படத்தில் இரட்டை இறக்கை விமானம் ஒன்று நின்றது. ஓட்டுபவர் உட்காரும் பின்சீட்டில் தோல் குல்லாயும் கண்ணாடியுமாகச் சம்பூர்ணம். முன்சீட்டு காலி. அவள் கையசைக்கிறாள் என்றுதான் எஸ்தர் முதலில் நினைத்தாள். கணினியில் பெரிதாக்கியபோது விரல்கள் உள்நோக்கி மடங்கியிருப்பது தெரிந்தது.

கூப்பிடுகிறாள்.

"செம கெத்துக்கா!" என்றான் ஜோசுவா. கல்யாணங்களுக்கு ட்ரோன் பறக்கவிட்டுப் படமெடுப்பவன் அவன். பறக்கும் எதன்மேலும் அவனுக்கு ஆசை. அந்தப் படத்தை முகத்தோடு சேர்த்துப் பிடித்து ஒரு செல்ஃபி எடுத்துக்கொண்டான்.

மறுநாள் ஒரு கல்யாண ஜோடியைப் படமெடுக்கத் திருமுக்கூடலுக்குப் போனான். ஜோடி இன்னும் வந்து சேரவில்லை. கோயிலை ஒட்டிய ஆற்று மணலில் ட்ரோனைப் பறக்கவிட்டபடியே எஸ்தருக்குப் போன் செய்தான்.

"அக்கா, மேல யாரோ வராங்க."

"மேலன்னா?"

"ட்ரோன் ஒசரத்துல. ஸ்க்ரீன்ல தெரியுதுக்கா. கைய நீட்டிக்கினு..."

அவன் குரலுக்குப் பின்னால் ஏதோ ஓர் எஞ்சின் விட்டு விட்டு இருமியது.

"ஜோசுவா, அங்க நிக்காத. கோயிலுக்குள்ள ஓடு!"

அவன் குரல் தணிந்தது. பக்கத்தில் இருக்கும் யாருக்கோ பதில் சொல்வது போல.

"முன்சீட்டா? எனக்கா?"

அவ்வளவுதான். போன் அடங்கிவிட்டது.

மணலில் கிடந்த உடலைக் காட்டிவிட்டு எஸ்.ஐ. தர்மன் தயங்கித் தயங்கித்தான் கேட்டார். "ஏம்மா, இங்க ஏறி வுழறதுக்கு ஒரு மரங்கூட இல்ல. ஒடம்புல ஒரு எலும்பு முழுசா இல்ல. எங்கேர்ந்துமா வுழுந்தான்?"

தம்பியின் சட்டை முழுக்க விளக்கெண்ணெய் ஊறியிருந்தது.

எஸ்தர் ஸ்டூடியோவுக்கு விரைந்தாள். படத்தில் சம்பூர்ணத்தின் கை கீழே இறங்கியிருந்தது. முன்சீட்டில் ஓர் ஆள், முகத்தைத் திருப்பிக்கொண்டு. காதில் கடுக்கன்.

அவளே வாங்கிக் கொடுத்த கடுக்கன்.

அங்கேயே படத்தைக் கொளுத்தினாள். எந்தக் காகிதமும் எரிவது போலத்தான் எரிந்தது.

அடக்கத்துக்குத் தேவகியம்மாள் குடை பிடித்துக்கொண்டு வந்திருந்தார். எஸ்தரின் காதருகே குனிந்தார்.

"என் மாமனாரையும் கூப்பிட்டுதாம்மா அந்தப் பொண்ணு. முன்சீட்டு காலியா இருக்குது, வாங்க சார்னு. எஞ்சின் சத்தம் சரியில்லன்னு அவரு ஏறல. போட்டோ மட்டும் புடிச்சிக்கினு அனுப்பிட்டாரு. பிளேனு ஆத்து மணல்ல வுழுந்து எரிஞ்சிது. ஒத்தையில."

"இத்த ஏம்மா அன்னிக்கே சொல்லல?"

"அவரு போய்ச் சேந்ததோட எல்லாம் தீந்துதுன்னு நெனச்சிட்டேம்மா."

அவர் குடையை எஸ்தரின் தலைக்கு மேல் நகர்த்தினார். எஸ்தர் விலகிக் குழியருகே போனாள். தம்பிக்கு மண் போட வேண்டும்.

பாஸ்டர் தாவீது ஜெபத்தைத் தொடங்கினார். உச்சி வெயில். எஸ்தர் முதல் பிடி மண்ணை விட்டபோது பெட்டியின் மேல் ஒரு நிழல் விழுந்தது.

இரு பக்கமும் நீண்ட இறக்கைகள்.

அது கடந்து போகவில்லை. அங்கேயே நின்றது.

பாஸ்டர் பாதியில் நிறுத்தினார். எல்லோரும் அண்ணாந்தார்கள். ஒரு பொட்டு மேகம்கூட இல்லாத வானம்.

எஸ்தர் மட்டும் நிமிரவில்லை. பற்களைக் கடித்தபடி பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்போது நேர் மேலே, வெகு உயரத்திலிருந்து, ஒரு குரல் ஆசையோடு இறங்கி வந்தது. சின்ன வயதில் மாமரத்து உச்சியில் உட்கார்ந்து அழைப்பானே, அதே குரல்.

"அக்கா! மேல பாரேன்!"