ஈரக் கோட்டில் ஒரு சில்லுத் தடம்

"நிப்பாட்டுங்கோ... நிப்பாட்டுங்கோ!"

குரல்தான் முதலில் வந்தது. ஆள் பிறகு வந்தான். வளைவுக்கு அப்பாலிருந்து, இரண்டு கையையும் விரித்துக்கொண்டு, நேரே காருக்கு முன்னால்...

விமலேஸ்வரி பிறேக்கை ஏறி மிதித்தாள். கிளச் என்று ஒன்று இருப்பதே மறந்துபோயிற்று. பழைய ஏ-ஃபோர்ட்டி கார் விக்கல் எடுத்ததுபோல இரண்டு தரம் குலுங்கி, அவனுடைய முழங்காலுக்கு ஒரு சாண் தூரத்தில் நின்றது.

"என்ன மனிசன் நீர்? சாகிறதெண்டா முல்லைத்தீவில கடல் கிடக்கே!"

கதவைத் திறந்துகொண்டு இறங்கினாள். சேலைத் தலைப்பை இழுத்துச் செருகினாள்.

"சாக நேரமில்லை, மிஸ். முதல்ல திரும்பிப் பாருங்கோ."

பார்த்தாள். முள்ளியவளையிலிருந்து தண்ணீரூற்றுப் பக்கம் போகும் தார் வீதியின் நடுவே, சற்று முன்னர்தான் பூசிய வெள்ளைக் கோடு. வளைவு வரைக்கும் பளிச்சென்று ஓடியது. அதைக் குறுக்கே உழுதுகொண்டு போயிருந்தன அவளுடைய சில்லுகள். வலப்பக்கத்துத் தாரில் எட்டடி நீளத்துக்கு வெள்ளை வெள்ளையாய் ரயர் அச்சு.

"சிவப்புக் கொடி நட்டிருக்கு. கண் தெரியேல்லையோ?"

"எந்தக் கொடி? வழியில ஒரு கொடியும் இல்லை."

"நானே என்ர கையால நட்டனான்."

"அப்ப நான் பொய் சொல்லுறன்... அப்பிடியோ?"

அவன் அந்த ரயர் அச்சை விரலால் காட்டினான். அந்த விரல்தான் அவளைச் சுட்டது.

"இந்தப் பக்கம் முழுக்க நெல்லுக் காயுது. நெல்லுக்கு மேலயோ ஓடச் சொல்லுறியள்?"

"நிண்டிருக்கவேணும். முறியாத கோட்டைக் கடக்கக்கூடாது. துண்டு துண்டாக் கிடந்தா, எதிரில ஒண்டும் வரேல்லை எண்டு கண்டாப் பிறகு கடக்கலாம். இது வளைவு, கண் தெரியாது. இங்க கொடி பிடிக்கிறவன்ர கையை நம்பித்தான் போகவேணும்."

"உங்கட கையையோ? நல்லாய் நம்புவன்!"

அவன் காரின் முன்னால் தொங்கிய எல் பலகையைப் பார்த்தான். பின் இருக்கையில் கிடந்த, பேராதனைப் பல்கலைக்கழக முத்திரை பதித்த தடித்த ஆங்கிலப் புத்தகங்களைப் பார்த்தான். உதட்டோரம் ஒரு சிரிப்பு வந்தது.

"பேராதனையில கோட்டைப் பற்றி ஒண்டும் படிப்பிக்கேல்லைப் போல."

இடப்பக்க இருக்கையில் கண்ணை மூடிக் கும்பிட்டபடி இருந்த அவளுடைய அப்பா ஐயாத்துரை, ஒரு கண்ணை மட்டும் திறந்தார். லைசன்ஸ் உள்ளவர் ஒருவர் பக்கத்தில் இருக்கவேண்டும் என்பது சட்டம். அவர் இருந்தார். அவ்வளவுதான்.

"தம்பி, நான் பதினெட்டு வரியம் ஹயர் கார் ஓடினனான். அப்ப றோட்டில கோடே இல்லை. ஒருத்தரும் சண்டை பிடிச்சதும் இல்லை."

அவன் வாய்விட்டுச் சிரித்தான். இமை மயிரில் ஒரு துளி வெள்ளைப் பெயின்ற்... சிரிக்கும்போது அது நடுங்கியது. அதைக் கவனித்ததற்காக விமலேஸ்வரி தன்மீதே எரிச்சல்பட்டாள்.

"ஆரப்பா அந்தத் திமிர் பிடிச்சது?" கார் கிளம்பியதும் கேட்டாள்.

"றோட்டு வேலைக்கு வந்த புது ஓவசியர். மரியநேசன். முல்லைத்தீவுக் கரைவலைக்காரற்ற பெடியன், வேதக்காரர், மாதா கோயில் ஆக்கள். அந்த வீட்டில படிச்சு உத்தியோகத்துக்கு வந்த முதல் ஆள்."

முதல் ஆள்... அவளும் அப்படித்தான். அந்த நினைப்பு ஏனோ இன்னும் கோபத்தைக் கிளறியது.

கோபத்துக்குக் காரணம் வேறும் இருந்தது. முத்தையன்கட்டுக் குடியேற்றத்தில் ஒரு புதுப் பள்ளிக்கூடம். ஏப்ரல் முதலாம் திகதி அங்கே பொறுப்பேற்க வேண்டுமென்று நியமனக் கடிதம் வந்திருந்தது. காலையில் பஸ் கிடையாது. பதினாலு மைல். பெண்பிள்ளை தனியாகப் போய்த் தங்கக்கூடாதென்று அம்மா ஒற்றைக்காலில் நின்றாள். அப்பாவின் வலது கால் கிணற்றடியில் முறிந்ததிலிருந்து கார் ஓட ஆளில்லாமல் கொட்டிலில் கிடந்தது. ஆகவே, தானே ஓடுவதென்று தீர்மானித்துவிட்டாள். சாரதிச் சோதனை அடுத்த வாரம் புதன்கிழமை. பரிசோதகர் மாதத்தில் ஒரே ஒரு நாள்தான் முல்லைத்தீவுக் கச்சேரிக்கு, அந்த அரச அலுவலகத்துக்கு, வருவார். தவறினால் அடுத்த மாதம். அதற்குள் அந்த இடம் வேறொருவருக்குப் போய்விடும். ஊரிலே முதன்முதல் பட்டம் எடுத்த பெண், பட்டத்தைச் சுவரில் கொழுவிவிட்டுக் குசினியில் குந்தியிருக்க வேண்டியதுதான்.

அந்தத் திங்கட்கிழமை பின்னேரமே வீதி எஞ்சினியருக்குப் பெட்டிசம் எழுதினாள். ஆங்கிலத்தில், பல்லைக் கடித்துக்கொண்டு. அபாயக் கொடி நடாமல் வீதியில் கோடு பூசி உயிருக்கு ஆபத்து விளைவித்த ஓவசியர்மீது நடவடிக்கை எடுக்க வேண்டும்...

"பேர் போடாதை, பிள்ளை. சோதினை கிடக்கு," என்றார் அப்பா.

மொட்டைப் பெட்டிசம் எழுதுகிறவர்களைக் கண்டால் முகத்துக்கு நேரே ஏசுகிறவள் அவள். அன்றைக்குப் பேனையை ஒரு கணம் பிடித்துக்கொண்டிருந்தாள்... பிறகு கையெழுத்துப் போடாமலே மடித்து ஒட்டினாள்.

வெள்ளிக்கிழமை அதே வளைவு. அன்று காரை நிறுத்திவிட்டு இறங்கினாள். கோட்டுக்கு இந்தப் பக்கம் முழுக்கப் பொன்னாய் நெல். ஒரு மணிகூடக் கோட்டைத் தாண்டவில்லை. காலால் தன் நெல்லைத் துழாவிக்கொண்டிருந்த, வீதியோரத்து வீட்டு இராசேஸ்வரி அக்கா நிமிர்ந்தாள்.

"அக்கா, அரைவாசி றோட்டையும் மறிச்சால் கார் எதால போறது?"

"ஏன், அந்தப் பக்கத்தால. அரசாங்கம்தானே கோடு கீறிப் பிரிச்சுத் தந்திருக்கு? இங்கால நெல்லுக்கு, அங்கால காருக்கு. இவ்வளவு காலமும் ஆரெண்டாலும் எங்களை யோசிச்சவையே? இப்பதான் யோசிச்சிருக்கினம்!"

விமலேஸ்வரிக்குச் சிரிப்பு வந்தது. வந்த சிரிப்பு பாதியில் நின்றது. அக்காவின் தலையில் வெயிலுக்குக் கட்டியிருந்த துணி... புத்தம்புதுச் சிவப்பு.

"உது... எங்கால அக்கா?"

"திங்கட்கிழமை உந்தத் தடியில கட்டிக் கிடந்தது, பிள்ளை. கோடு பூசினவை மறந்துபோய் விட்டிட்டுப் போட்டினம். நல்ல துணி."

அவன் நட்டிருக்கிறான். அவன் பொய் சொல்லவில்லை. அவளும் சொல்லவில்லை. ஆனால் அவள் எழுதியது பொய்யாகிவிட்டது.

இன்றைக்கே போய்ச் சொல்லவேண்டும்... சொன்னால்? எல் பலகையோடு கோடு கடந்தவள் யாரென்று கேட்பார்கள். பேர் பொலிசுக்குப் போகும். சோதனை? பள்ளிக்கூடம்?

புதன்கிழமை முடியட்டும் என்று தனக்குத்தானே சொன்னாள். அந்த ஐந்து நாளும் வெள்ளைப் பெயின்ற் ஒட்டிய இமை ஒன்று கண்ணுக்குள்ளேயே நின்றது.

புதன்கிழமை வானம் மூடிக்கிடந்தது. பரிசோதகர் மடியில் கொப்பியை வைத்துக்கொண்டு வாயே திறக்காமல் வந்தார். அப்பா கச்சேரி மரத்தடியில். முள்ளியவளை மட்டும் போய்க் காரைத் திருப்பியாயிற்று. கியர் பிழைக்கவில்லை, கை காட்டுவதில் பிழையில்லை. இனி அந்த வளைவு...

இடப்பக்கம் கோடு வரைக்கும் நெல். அவள் காரை நிறுத்தினாள்.

"ஏன் நிண்டிட்டியள்?"

"முறியாத கோடு, சேர். வளைவில எதிர்ப்பக்கம் தெரியேல்லை."

"அப்ப இங்கயே குடியிருக்கப் போறியளோ?"

அப்போதுதான் அவனைக் கண்டாள். வளைவின் மூலையில், நாடாவால் வீதியை அளந்துகொண்டு மரியநேசன். பெட்டிசத்து விசாரணைக்குத்தான் அளக்கிறான் என்று உடனே விளங்கிற்று. அவன் நிமிர்ந்து காரைப் பார்த்தான். எல் பலகையைப் பார்த்தான். பக்கத்தில் இருந்த பரிசோதகரையும் பார்த்தான். மெதுவாகக் கீழே கிடந்த சிவப்புக் கொடியை எடுத்து உயர்த்தினான்.

நில்.

எதிரில் ஒரு சத்தமும் இல்லை. பின்னால் வந்த பஸ் ஹோர்ன் அடித்தது. "எடுங்கோ அக்கா, கலியாண வீட்டுக்கே வந்து நிக்கிறியள்?" என்று கொண்டக்ரர் கத்தினான். பரிசோதகரின் பென்சில் கொப்பியில் தட்டியது. டக்... டக்...

பழி வாங்குகிறானா? அப்படியே கொடியைப் பிடித்துக்கொண்டு நின்றால் போதும், அவளுடைய பள்ளிக்கூடம் போய்விடும். அவளாக இருந்தால் என்ன செய்திருப்பாள்? பேர் போடாமல் பெட்டிசம் எழுதியவள் என்ன செய்திருப்பாள்?

கால் பிறேக்கிலிருந்து எழும்பப் பார்த்தது. அவனுடைய கண்களைப் பார்த்தாள். அவை அவளைப் பார்க்கவில்லை. வளைவுக்கு அப்பால், இமைக்காமல், எதையோ பார்த்துக்கொண்டிருந்தன...

காலை எடுக்கவில்லை.

அடுத்த மூச்சில் முதிரை மரம் ஏற்றிய லொறி ஒன்று வளைவை அறுத்துக்கொண்டு, கோட்டுக்கு மேலாக, வீதியின் வலப்பாதி முழுவதையும் அடைத்துக்கொண்டு வந்தது. கார் அதிர்ந்தது. காற்றில் நெல் பறந்து கண்ணாடியில் தெறித்தது. பரிசோதகரின் பென்சில் கீழே விழுந்தது.

மரியநேசன் அப்பால் இன்னொரு தரம் பார்த்தான். கொடியை இறக்கினான். மறு கையால், வா என்று காட்டினான்.

அவள் போனாள். கோட்டைக் கடந்து, நெல்லைச் சுற்றி, மீண்டும் இடப்பக்கம். அந்தக் கையைத் தவிர வேறெதையும் பார்க்கவில்லை.

"முறியாத கோட்டைக் கடந்தியள்," என்றார் பரிசோதகர்.

"ஓம், சேர். அவர் கை காட்டினவர்."

"அவரை நம்பினியளோ?"

"ஓம்."

சொன்ன பிறகுதான் தன் காதிலே அது விழுந்தது. பரிசோதகர் குனிந்து பென்சிலைத் தேடி எடுத்து, கொப்பியில் ஒரு சரி போட்டார்.

சோதனையில் சித்தியடைந்த கடதாசி கையில். அப்பா பக்கத்தில். வளைவுக்கு வந்தபோது மழையும் வந்துவிட்டது.

"ஐயோ, என்ர நெல்லு!" இராசேஸ்வரி அக்கா சாக்கோடு ஓடினாள். மரியநேசன் நாடாவை எறிந்துவிட்டு நெல்லைக் கூட்டி அள்ளிக்கொண்டிருந்தான். விமலேஸ்வரி செருப்பைக் கழற்றிக் காருக்குள் போட்டுவிட்டு ஓடினாள். ஒரு சாக்கின் இரண்டு பக்கமும் இரண்டு பேர்...

"அந்தப் பெட்டிசம் எழுதினது நான்," என்றாள். சுற்றி வளைக்க அவளுக்குத் தெரியாது.

"தெரியும், ரீச்சர். இந்தப் பகுதியில இவ்வளவு வடிவான இங்கிலீசில என்னை ஏசக்கூடிய ஆள் வேற ஆர்?"

"கொடியை எடுத்தது அக்கா. அதுவும் தெரியுமோ?"

"பிறகு கண்டனான். நான் கொடி நடேல்லை, பிழை என்னில எண்டு விளக்கம் எழுதிக் குடுத்திட்டன். வாற திங்கட்கிழமை செட்டிகுளத்துக்கு மாற்றம்."

சாக்கு அவள் கையிலிருந்து நழுவியது.

"உங்களுக்கென்ன விசரே?"

"உண்மையை எழுதினா அக்காவிட்டப் பொலிசு வரும். எல் பலகைக் கார் ஆரின்ர எண்டும் கேப்பினம். பள்ளிக்கூடம் கிடைச்சிருக்கு, அதுக்குத்தான் ஓடப் பழகுறா எண்டு ஊரில சொல்லிச்சினம்..."

"உங்களை ஆர் கேட்டது? நான் கேட்டனானோ?" மழையில் கண்ணீர் தெரியாதது நல்லதாய்ப் போயிற்று. "நாளைக்கு எஞ்சினியரிட்டப் போறன். என்ர பேரோட எழுதிக் குடுக்கிறன்."

"லைசன்சைப் பறிப்பினம்."

"பறிக்கட்டும். பதினாலு மைலையும் சைக்கிள்ல போறன்!"

"நானும் வாறன், பிள்ளை," என்றாள் இராசேஸ்வரி அக்கா, நனைந்த சிவப்புத் துணியைத் தலையிலிருந்து பிடுங்கியபடி. "இந்தக் கறுமத்தையும் கொண்டு வாறன்."

மரியநேசன் வீதியைக் காட்டினான். அன்று அவள் நாசமாக்கிய கோடு மறுபடி நேராகப் பூசப்பட்டிருந்தது. தாரில் பதிந்த தடங்களுக்கு மேலெல்லாம் தார் பூசி மறைத்திருந்தார்கள். ஆனால் கோட்டின் ஓரத்தில் ஒரே ஒரு ரயர் அச்சு, ஒரு முழ நீளம், மறைக்காமல் கிடந்தது. மழை அதிலிருந்த தூசியைக் கழுவ, அது இன்னும் வெள்ளையாகியது.

"எல்லாத்தையும் மறைக்கச் சொல்லி உத்தரவு. மறைச்சன்... அந்தத் துண்டுக்கு மட்டும் கை போகேல்லை."

"ஏன்?"

அவன் குனிந்து நெல்லைக் கூட்டினான்.

"ஏன் எண்டு கேட்டனான், ஓவசியர். கோட்டைப் பற்றி அண்டைக்கு அவ்வளவு கதைச்ச வாய்!"

"எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு," என்றான், நெல்லைப் பார்த்துக்கொண்டே. "ஆனா நான் வேதக்காரன், ரீச்சர். உங்கட வீட்டில..."

"வீட்டில கதைக்க வேண்டியது நான்." காரின் பக்கம் திரும்பினாள். "அப்பா! கேட்டதோ?"

கண்ணை மூடிக் கும்பிட்டுக்கொண்டிருந்த ஐயாத்துரை ஒரு கண்ணைத் திறந்தார். இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"கேட்டது, கேட்டது... கொம்மாவுக்குச் சொல்லுற அண்டைக்கு நான் வீட்டில நிக்கமாட்டன். இப்ப முதல்ல அந்த மனிசியின்ர நெல்லை அள்ளுங்கோ."

அவள் சாக்கின் வாயை விரித்துப் பிடித்தாள். அவன் இரண்டு கையாலும் அள்ளிப் போட்டான். அவனுடைய விரல்கள் அவளுடைய விரல்களில் பட்டு, விலகாமல் நின்றன. இமையில் இப்போது மழைத்துளி.

"நாளைக்குக் காலமை எட்டு மணிக்கு எஞ்சினியர் கந்தோர் வாசல்ல நில்லுங்கோ," என்றாள். "பிந்தக்கூடாது."

"வாறன். வேற ஒண்டும் சொல்ல இல்லையோ?"

"இருக்கு." முதன்முதலாகத் தலையைக் குனிந்தாள். "எனக்கும் பிடிச்சிருக்கு... காரை மறிச்ச அந்தத் திங்கட்கிழமையிலிருந்து. பெட்டிசம் எழுதேக்கையும்தான்."