பித்தளைப் பட்டையில் ஒரு சாவி

"ஏட்டி, தூரத்துல ஒரு பாய் தெரியுது! ஒளிஞ்சுக்கோ!" என்று படகிலிருந்து கத்தினான் காசிம்.

பெனிட்டா யோசிக்கவே இல்லை. தீவில் யாரும் இல்லை என்று வருகிறவர்கள் நினைக்க வேண்டும். குகையின் இரும்புக் கம்பிக் கதவைச் சாத்தி, அதன் உச்சியில் பழைய பூட்டை மாட்டி அழுத்தினாள். டக்! அடுத்த நொடி பாறை பாறையாகத் தாவி ஓடினாள்.

பாய் விலகிப் போய்விட்டது. யாரோ மீன்பிடிக்க வந்தவர்கள்! சிரித்துக்கொண்டே துப்பட்டா முனையைத் தொட்டாள். முடிச்சு அவிழ்ந்திருந்தது. சாவியைக் காணோம்.

குகைக்குள்ளே அவள் அண்ணன் தொம்மை!

இறந்துபோன அப்பா அங்கே ஒரு பெட்டியில் ஒளித்துவைத்த விலைமதிப்பில்லாத வலம்புரிச் சங்கைத் தேடித்தான் அண்ணன், தங்கை, அண்ணனின் கூட்டாளி காசிம் மூவரும் வந்திருந்தார்கள். சங்கு குளிக்கிறவர்கள் உடம்பில் எதையும் வைத்துக்கொண்டு தண்ணீரில் இறங்க மாட்டார்கள். அந்த வழக்கப்படி சாவியைத் தங்கையிடம் கொடுத்த தொம்மை, "கழுத்துல மாட்டிக்கோ" என்றுதான் சொன்னான். அவளோ துப்பட்டாவில் முடிந்துகொண்டாள்.

"பெட்டி கெடச்சிட்டுட்டி!" கையில் அரிக்கன் விளக்கோடு கம்பிக்குப் பின்னால் வந்து நின்றான் தொம்மை. கடல் ஏறிக்கொண்டிருந்தது, தண்ணீர் அவன் இடுப்பில். ஓதம் முழுசாக ஏறினால் குகை கூரைவரை நிரம்பிவிடும். "கதவத் தொற!"

"பூட்டு... துருப்பிடிச்சிருக்குண்ணே. சாவி திரும்ப மாட்டேங்குது."

பொய் தானாக வந்து விழுந்தது.

"பதறாத. கொஞ்சம் எண்ணெய் விட்டுப் பாரு." அவன் பொறுமையாகக் காத்திருந்தான். அந்தப் பொறுமைதான் அவளைக் குத்தியது. அவள் சைகையில் சொன்னதும் காசிம் பாறை இடுக்குகளில் முங்கி முங்கித் தேடிவிட்டு வெறுங்கையோடு வந்தான். கல்லால் பூட்டை அடித்தான். கல்தான் உடைந்தது.

தண்ணீர் தொம்மையின் நெஞ்சுக்கு வந்தது.

"அண்ணே, சாவி இல்ல! கடல்ல விழுந்துட்டு. பூட்டுனதும் நாந்தான். பொய் சொல்லிட்டேன்."

தொம்மை திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை.

"அப்பவே சொல்லியிருந்தா இந்நேரம் வேற வழி பாத்திருக்கலாமேட்டி" என்றான் மெல்ல. "சரி, நான் சாவிய உத்துப் பாக்கல. எப்படி இருக்கும்? ஞாபகம் இருக்கா?"

"தட்டையா, ஓரத்துல வெட்டு வெட்டா... தகடு மாதிரி!"

தகடு! அவள் கண் பெட்டியின் மேல் போனது. அதைச் சுற்றி இரண்டு பித்தளைப் பட்டைகள். "ஒண்ணப் பிச்சுக் குடுண்ணே! காசிம், தூண்டில் முள் தீட்டுற அரத்த எடு!"

கதவோரப் பாறையில் ஏறி நின்று, துளையில் நுழையும் அகலத்துக்குப் பட்டையை அராவினாள். அண்ணன் கம்பியருகே பிடித்த விளக்கின் புகையில் காட்டிக் கரியாக்கினாள். உள்ளே விட்டு மெதுவாகத் திருப்பி வெளியே எடுத்தாள். கரி அழிந்த இடங்கள் பளபளத்தன. அங்கெல்லாம்தான் பூட்டு தடுக்கிறது! அந்த இடங்களை அராவினாள். மறுபடி கரி, மறுபடி அரம். கை பறந்தது. அவசரத்தில் ஒரு வெட்டு ஆழமாகிவிட, பட்டை முறிந்தது!

"ஐயோ!"

"இன்னொண்ணு இருக்குல்லா? நிதானமா அராவு" என்றான் தொம்மை, விளக்கைத் தலைக்கு மேல் பிடித்தபடி. "கழுத்து வரைக்குந்தான் வந்திருக்கு!"

"வாய மூடுல, தண்ணி உள்ள போயிரும்!" என்று அதட்டினான் காசிம்.

இந்த முறை அவள் விரல்கள் ஓடவில்லை. ஒரு கீறல், ஒரு சோதனை. அலை ஒன்று விளக்கை அணைத்தது. தொம்மையின் முகம் முங்கி எழுந்தது. அவள் பட்டையை உள்ளே விட்டுத் திருப்பினாள். தடுக்கவில்லை.

டக்! பூட்டின் வளையம் துள்ளி எழுந்தது. காசிம் கதவை இழுக்க, அண்ணனும் பெட்டியும் ஒன்றாக வந்து அவள்மேல் விழுந்தார்கள்.

படகு திரும்பியபோது கரையில் ஊரே கூடி நின்றது. பெட்டியைத் திறந்து, பால் நிறச் சங்கை அம்மாவின் கையில் வைத்தான் தொம்மை. "காத்துல கதவு அடிச்சுத் தானா பூட்டிக்கிச்சும்மா. இவதான் கையாலயே சாவி செஞ்சு என்னக் காப்பாத்துனா!"

எல்லோரும் கைதட்டினார்கள். பெனிட்டாவால் தலைநிமிர முடியவில்லை.

"காத்து இல்லம்மா. நாந்தான் பூட்டுனேன். சாவியத் தொலச்சதும் நாந்தான். அத மறச்சு வேற வச்சேன்."

கைதட்டல் நின்றது.

"எவ்வளவு நேரம் மறச்ச?" என்றாள் அம்மா.

"தண்ணி இடுப்புல இருந்து நெஞ்சுக்கு வர்ற வரைக்கும்."

அம்மா சங்கை மணலில் வைத்துவிட்டு, அரம் கிழித்த மகளின் விரல்களைத் தன் கைக்குள் பொத்திக்கொண்டாள்.

"இனிமே கணுக்கால்ல இருக்கும்போதே சொல்லிரு" என்றாள்.