மாடிப்படிக்குக் கீழே ஓடிய கார்

செல்ஃப் மோட்டார் சூடாக இருந்தது.

மாடிப்படிக்குக் கீழே இருந்த சின்ன அறைக்குள் அவர் குனிந்து நுழைந்தது ஹாலுக்கு ஒரு பல்பு எடுக்கத்தான். இருட்டில் அட்டைப்பெட்டிகளைத் துழாவியபோது கை அதன்மேல் பட்டது. பழைய காரிலிருந்து கழற்றி வருஷக்கணக்கான, இன்ஜினைக் கிளப்பும் மோட்டார். எந்த வயரோடும் ஒட்டு உறவில்லாமல் மடித்த சாக்கின்மேல் கிடந்த வெறும் இரும்பு. அது இப்போதுதான் இஸ்திரி போட்டு முடித்த துணிபோல் இளஞ்சூடாக இருந்தது. வெயில் அந்த அறைக்குள் வர வழியே இல்லை. கையை முகர்ந்து பார்த்தார். பழைய எண்ணெய் வாசனையோடு, இப்போதுதான் ஓடி நின்ற இன்ஜினின் வாசனையும் இருந்தது.

அதே நேரத்தில் வாசலில் ஹாரன் கேட்டது. அவருடைய பழைய காரின் ஹாரன். மனைவியின் தங்கை புருஷன், சகலை, வந்துவிட்டான். மோட்டாரைப் பற்றிய யோசனை அத்தோடு போயிற்று. அதைவிடப் பெரிய சூடு வயிற்றில் எழுந்திருந்தது.

அவர் ஒரு கம்பெனியில் ஸ்டோர் கீப்பர். பழையதைக் கையில் கொடுத்தால்தான் புதியதைத் தருவார். கேட்பது வெறும் துடைப்பமாக இருந்தாலும் சரி, கேட்பவர் மேனேஜராகவே இருந்தாலும் சரி. அந்தப் பழக்கத்தை அவர் கார் ஒர்க்‌ஷாப்புக்கும் கொண்டுபோனார். எதை மாற்றினாலும் பழையது தன் கைக்கு வந்தாக வேண்டும். இல்லாவிட்டால் மாற்றினார்கள் என்பதற்கு என்ன நிச்சயம்?

"சார், நீங்க வீட்டுக்குக் கொண்டுபோன சாமான வெச்சே இன்னொரு கார் பண்ணிடலாம்" என்பார் மெக்கானிக்.

"பண்ணி உங்க தலையிலயே கட்டுறேன்" என்பார் இவர்.

அந்தக் கார் அவரைப் படுத்திய பாடு கொஞ்சநஞ்சமல்ல. மழை பெய்தால் ஸ்டார்ட் ஆகாது, வெயிலடித்தால் கொதித்து நிற்கும். மகள் பிறந்த அன்று ஆஸ்பத்திரி கேட்டுக்குள் நுழைய மறுத்து அங்கேயே உட்கார்ந்துகொண்டது. ஞாயிற்றுக்கிழமை என்றால் அவர் காருக்கு அடியில்தான். "இது காரில்லீங்க, உங்க மூத்த சம்சாரம்" என்று மனைவி சொல்வாள். கடைசியில் ஒரு நாள் நடுரோட்டில் பொறுமை போய், "நீயே வெச்சுக்கோ சகலை, உன் ராசியப் பாப்போம்" என்றார். கிண்டலாகச் சொன்னதுதான். அவன் நிஜமாகவே எடுத்துக்கொண்டான்.

அதற்குப் பிறகு அது ஒரு நாள்கூட மக்கர் செய்யவில்லை. அதைத்தான் அவரால் பொறுக்க முடியவில்லை. சாவியைத் தொட்டால் போதும், பூனைபோல் உறுமிக்கொண்டு கிளம்பியது. அவர் வாங்கிய புதுக் கார் சின்னது, நல்லது, நிற்காதது. ஆனால் அதன் பிளாஸ்டிக் வாசனை மகளுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. ஏறிய கொஞ்ச நேரத்தில் வாந்தி. "சித்தப்பா கார்லயே போறேம்பா" என்று அவள் சொல்ல ஆரம்பித்திருந்தாள். பாட்டு வகுப்புக்கு சித்தப்பா, நீச்சலுக்கு சித்தப்பா, இன்று கடைத்தெருவிலிருந்து திரும்பி வருவதும் சித்தப்பாவோடுதான்.

வாசலில் சகலை காரின் கூரையைத் தட்டிக்கொடுத்தபடி நின்றான். "அண்ணே, வண்டி வெண்ணெய் மாதிரி போகுது. நீங்க வெச்சிருந்த நேர்த்தி, வேறென்ன."

அவர் பல்லைக் காட்டினார். அவன் கேலி செய்திருந்தால்கூடத் தாங்கியிருப்பார், மனதாரச் சொல்கிறானே. மகள் பின்சீட்டிலிருந்து இறங்கி, அப்பாவைத் தாண்டிக்கொண்டு, சித்தப்பாவுக்குக் கையாட்டினாள். பொறாமைதான். அதற்கு வேறு பேர் வைக்க அவர் பல நாள் முயன்று பார்த்திருந்தார். எதுவும் பொருந்தவில்லை.

பல்பு எடுக்க மறுபடி அறைக்குள் போனார். என்ன தோன்றியதோ, மோட்டாரைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். வாசலில் கார்க்கதவு சாத்தும் சத்தம். பிறகு, சகலை சாவியைத் திருப்பிய அதே கணத்தில், மோட்டாரின் நுனியில் இருந்த பல்சக்கரம் அவர் உள்ளங்கைக்குள் துடித்தது.

பயந்துபோய் இறுக்கிப் பிடித்தார். வாசலில் கார் இருமியது. கிர்ர். கிர்ர். அவ்வளவுதான். சகலை மறுபடி முயன்றான். சக்கரம் விரல்களுக்கிடையே முண்டியது, தோலைக் கடித்தது. அவர் விடவில்லை. மறுபடி கிர்ர். "என்னாச்சு இதுக்கு?" என்று அவன் குரல் கேட்டது. உடம்பெல்லாம் வேர்த்துக் கொட்டியது. ஆனால் அந்தப் பயத்துக்கு அடியில் ஏதோ ஒன்று குளுகுளுவென்று ஊறிக்கொண்டிருந்தது. ரொம்ப நாளாக அப்படியொரு சந்தோஷத்தை அவர் அனுபவித்ததில்லை. பிறகு கையைத் தளர்த்தினார். கார் கிளம்பிப் போயிற்று.

அன்றிலிருந்து கார் மக்கர் செய்தால் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த காரணம் ஒன்று, அவருக்குத் தெரிந்த காரணம் ஒன்று. சகலை மழையில் வரும் நாளில் பழைய வைப்பர் பிளேடைக் காலால் மிதித்துக்கொண்டு நின்றார். அவன் முன்கண்ணாடி வழியே ரோடு தெரியாமல் ஓரங்கட்டி நனைந்துகொண்டு வந்து சேர்ந்தான். பழைய ஹாரனுக்குள் துணியைத் திணித்தார். அது ஊமையாயிற்று.

"யாரோ கண்ணு வெச்சுட்டாங்க அண்ணே" என்றான் சகலை.

"கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாதும்பாங்க" என்றாள் மனைவி.

அவர் டீயை ஊதி ஊதிக் குடித்தார்.

ஒன்று மட்டும் அவரை உறுத்தியது. ஸ்டோர் கீப்பருக்குத் தன் சாமான் எங்கே இருக்கிறது என்று இருட்டிலும் தெரியும். அவர் எல்லாவற்றையும் இடது சுவரோரம் குவித்துத்தான் வைத்திருந்தார். ஒரு மாலை கதவைத் திறந்தபோது குவியல் இல்லை. விரிசல் விட்ட ஹெட்லைட் கதவைப் பார்த்து நிமிர்ந்து நின்றது. அதற்குப் பின்னால் ரேடியேட்டர். அதற்குப் பின்னால் பெல்ட், பம்ப், மோட்டார். பிரேக் பேடுகள் நான்கு மூலைகளிலும் ஜோடி ஜோடியாகக் கிடந்தன. கடைசியில், படிக்கட்டு தாழ்ந்து தரையைத் தொடும் இருட்டில், பின்பக்கச் சாமான்கள். காரில் எது எங்கே இருக்க வேண்டுமோ அங்கே இருந்தது. நடுவில் மட்டும் காலி.

மனைவி அந்த அறைப் பக்கமே போவதில்லை, கரப்பான் பூச்சிக்குப் பயம். அவர் மெதுவாகக் கதவைச் சாத்தினார். எல்லாவற்றையும் பழைய இரும்புக் கடைக்குப் போட்டுவிடலாம் என்று அன்று உறுதியாக நினைத்தார். மறுநாள் மகள் சித்தப்பா காரிலிருந்து சிரித்துக்கொண்டே இறங்கினாள். போடவில்லை.

லீவு வந்ததும் சகலை குடும்பம் மலைக்குக் கிளம்பியது. மகளையும் கூப்பிட்டார்கள். "நம்ம கார்லயே பின்னாடி போவோமே" என்று அவர் சொல்லிப் பார்த்தார்.

"உங்க கார்ல வாந்தி வருதுப்பா" என்றாள் மகள். நம்ம கார் இல்லை. உங்க கார்.

மூன்றாம் நாள் சாயங்காலம் மழை இருட்டிக்கொண்டு வந்தது. மனைவி தங்கையோடு போனில் பேசிவிட்டு வைத்தாள். "கிளம்பிட்டாங்களாம். ஏரி ஓரமா இறங்கிட்டு இருக்காங்க. உங்க பொண்ணு அங்கயே இருக்கேங்கிறாளாம், சித்தப்பா வீட்டுல. பத்து நாள் இருந்துட்டு வர்றாளாம்."

அவர் சட்டைப்பையில் புதுக் காரின் சாவியை எடுத்துப் போட்டுக்கொண்டார். சமையலறைக் கத்தியை எடுத்துக்கொண்டு படிக்குக் கீழே போனார்.

கணக்கு அவருக்குத் தெளிவாக இருந்தது. ஃபேன் பெல்ட். அது அறுந்தால் இன்ஜின் கொதிக்கும், புகை விடும், ஓரமாக நிற்க வேண்டியதுதான். ஒரு உயிருக்கும் ஆபத்தில்லை. அவருக்கே அப்படி எத்தனையோ தடவை நின்றிருக்கிறது. சகலை பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு திருதிருவென்று விழிப்பான். போன் வரும். இவர் போவார். மழையில் வெளிச்சம் தெரிந்ததும் மகள் ஓடி வருவாள். அப்பா வந்துட்டாரு. அந்த ஒரு வார்த்தை போதும், வழியெல்லாம் வாந்தி எடுத்தாலும் பரவாயில்லை.

பெல்ட் சூடாக இருந்தது. அதிர்ந்துகொண்டிருந்தது. காய்ந்து வெடித்துப்போன ரப்பர் என்பதால் பலமாக அறுக்க வேண்டியிருக்கும் என்று நினைத்தார். கத்தி பட்டதுமே விட்டுக்கொடுத்தது. அறுந்த முனை சுருண்டு அவர் மணிக்கட்டில் அடித்தது. ரேடியேட்டர் மெல்ல முனகியது.

அவர் சிரித்தார். சிரித்துக்கொண்டிருக்கும்போதே மெக்கானிக்கின் குரல் நினைவுக்கு வந்தது. இதே பெல்ட்டைக் கையில் கொடுத்தபோது அவர் சொன்னது.

"நல்லவேளை சார், அறுந்துபோறதுக்கு முன்னாடியே மாத்திட்டோம். இந்த வண்டியில இதேதான் ஸ்டீயரிங்கையும் இழுக்குது. போற வேகத்துல அறுந்தா கல்லு மாதிரி ஆயிடும், திருப்பவே முடியாது."

மலைப்பாதை. வளைவுகள்.

"கூப்பிடு!" என்று கத்தினார். "நிறுத்தச் சொல்லு! கார நிறுத்தச் சொல்லு!"

"என்னங்க? என்னாச்சு?"

"கூப்பிடுடீ!"

அறுந்த முனைகளை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தார். ஒன்றோடொன்று எட்டவில்லை. முடிச்சுப் போடப் பார்த்தார். வழுக்கியது. கடித்து இழுத்தார். வாயெல்லாம் கரி. அவருக்குப் பின்னால் ஏதோ சீறியது. திரும்பினார். நான்கு மூலைகளிலும் பிரேக் பேடுகள் சிவந்திருந்தன. அவற்றை அவர் தொட்டதில்லை, தொடவும் நினைத்ததில்லை. எரியும் நாற்றம் அறையை அடைத்தது. சிமெண்டுத் தரையை அவை கீறிக்கொண்டு நகர்ந்தன. நான்கு ஜோடியும். ஒரே பக்கமாக.

"ரிங் போகுதுங்க. எடுக்க மாட்டேங்குறா."

ஹாரன் துணியைத் துப்பிவிட்டு அலறியது. ஹெட்லைட் எரிந்தது. வயரில்லை, பல்பில்லை, எரிந்தது. அந்த வெளிச்சத்தில் எதிர்ச் சுவர் தெரிய வேண்டும். தெரியவில்லை. மழை தெரிந்தது. சாய்ந்த மழை, ஒரு வேலிக் கல், அப்புறம் ஒன்றுமே இல்லாத கறுப்பு.

பிறகு எல்லாம் நின்றது.

ஹாரன் நின்றது. பேடுகள் சுர்ரென்று ஒலித்து ஒரே நேரத்தில் அணைந்தன. வெளிச்சம் மட்டும் இருந்தது. மஞ்சளாக இருந்தது பச்சையாயிற்று, பச்சை கலங்கலாயிற்று. ரேடியேட்டரின் ஓட்டைகளிலிருந்து குமிழிகள் வந்தன. காற்றில் குமிழிகள். சேற்று வாசனை. சாமான்களுக்கு நடுவே இருந்த காலி இடத்தில், எங்கிருந்து என்று தெரியாமல், குளிர்ந்த நீர் ஊறி அவர் முழங்காலைத் தொட்டது.

"இப்ப ரிங்கே போகலீங்க" என்றாள் மனைவி. கதவுக்கு வெளியே நின்றாள். "சுவிட்ச் ஆஃப்ங்குது."

டக்.

பின்பக்க இருட்டிலிருந்து வந்தது. சின்ன சத்தம்.

டக். டக்.

தண்ணீரில் தவழ்ந்து போனார். தலை படிக்கட்டின் அடியில் இடித்தது. கையால் துழாவினார். கிடைத்தது. பின்கதவின் உள்பக்கக் கைப்பிடி. இடது பக்கம், மகள் உட்காரும் பக்கம். உள்ளேயிருந்து எவ்வளவு இழுத்தாலும் கதவு திறக்கவில்லை என்று எப்போதோ ஒர்க்‌ஷாப்பில் கழற்றி மாற்றியது.

அது ஆடிக்கொண்டிருந்தது. இழுபட்டது, விட்டது. இழுபட்டது, விட்டது.

அவர் விரலை நுழைத்து இழுத்தார். முழு பலத்தோடு. அந்தப் பக்கமிருந்தும் இழுத்தார்கள். மிக லேசான இழுப்பு. சின்ன விரல்கள். அவருடைய விரல்மேல் ஊர்ந்தன, குளிர்ந்து, நனைந்து. நகம் கீறியது.

"அப்பா இங்கதான் இருக்கேன்" என்றார். "அப்பா வந்துட்டேன்."

விரல்கள் ஒரு கணம் நின்றன. கேட்டதுபோல.

பிறகு இரண்டு கையாலும் இழுக்கத் தொடங்கின. வேகமாக. இன்னும் வேகமாக. கைப்பிடி அவர் கையில் டக் டக் டக் என்று அடித்துக்கொண்டே இருந்தது, திறக்காமல்.